எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கரண்ட் வைப்பது ஏன்? 1பி2 கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அறிக்கை குறித்து

கேள்வி: முக்கூடல் தம்பி

அனைவருக்கும் வணக்கம். என் மதினிக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு வயது 38. முக்கூடலில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். ஏறத்தாழ ஒரு வருடமாக, தீட்டு நாட்கள் அல்லாத நேரத்திலும் ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில், 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயையும் பார்க்க வேண்டும் என்று செவிலியர் விடாமல் சொல்லிப் பரிசோதித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. சதைப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்து, மூன்று வாரங்களுக்கு முன் வயிற்றைத் திறந்து பெரிய அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கர்ப்பப்பை, அதன் பக்கத் திசு, யோனியின் மேற்பகுதி, இடுப்பு நெறிக்கட்டிகள் ஆகியவற்றை எடுத்துவிட்டு, சூலகங்களை (கருமுட்டைப் பைகளை) மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், ஆரம்ப நிலைதான், எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தாயிற்று என்று சொன்னபோது, அண்ணன் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். நேற்று நோயியல் அறிக்கை வந்தது. அதைப் பார்த்த அதே மருத்துவர், 25 நாட்கள் கதிர் சிகிச்சை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்றால் எதற்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அறிக்கையில் உள்ளதைத் தமிழில் தருகிறேன். செதிள் செல் வகை, நடுத்தர வேறுபாடு. கட்டியின் பெரிய அளவு 3.2 செ.மீ. கர்ப்பப்பை வாய்ச் சுவரின் 17 மி.மீ. தடிமனில் 14 மி.மீ. ஆழம் வரை ஊடுருவல். எல்.வி.எஸ்.ஐ. இருக்கிறது. பக்கத் திசுவில் நோய் இல்லை. யோனி விளிம்பில் நோய் இல்லை, 8 மி.மீ. இடைவெளி. நெறிக்கட்டிகள் 19இல் 0. நிலை 1பி2.

இணையத்தில் 1பி2 என்று தேடினால், 4 செ.மீ.க்கு மேற்பட்ட பெரிய கட்டி, முன்கணிப்பு (நோய் இனி எப்படிப் போகும் என்ற கணிப்பு) சுமார் என்று வருகிறது. எங்களுடையது 3.2 என்று தெளிவாக எழுதியிருக்கிறதே? மதினி அந்தத் தாளை நான்காக மடித்து, பீடி சுற்றும் சொளவில் இலைக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். நான் வேலை முடிந்து வந்ததும் அதை எடுத்து நீட்டி, இதில் நல்லது எத்தனை வரி, கெட்டது எத்தனை வரி என்று சொல்லு தம்பி என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.


மறுமொழி: பாளையங்கோட்டை சிஸ்டர்

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மகளிர் வார்டுகளிலும் பின்னர் புற்றுநோய் வார்டிலும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். ஆனால் மதினி கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இந்த மாதிரி அறிக்கையை மேலிருந்து கீழாக நான் படிப்பதில்லை. முதலில் நெறிக்கட்டி வரியைத் தேடுவேன். ஆரம்ப நிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில், பிற்காலம் எப்படி இருக்கும் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட வலுவாகச் சொல்லுவது அந்த ஒரு வரிதான். உங்கள் தாளில் 19க்கு 0 என்று இருக்கிறது. பூச்சியத்தைப் போலவே 19ம் முக்கியம். நான்கைந்து நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்து அவற்றில் நோய் இல்லை என்பதற்கும், 19 எடுத்து ஒன்றிலும் இல்லை என்பதற்கும் நம்பிக்கையில் வேறுபாடு உண்டு.

அடுத்ததாக, கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ள திசு, வெட்டிய விளிம்பு ஆகிய இரண்டையும் பார்ப்பேன். இரண்டும் உங்களுக்குச் சுத்தம். நெறிக்கட்டி, பக்கத் திசு, விளிம்பு ஆகிய மூன்றில் ஒன்றில் நோய் இருந்தாலும், அதை உயர் ஆபத்து என்று வகைப்படுத்தி, கதிருடன் கீமோவும் சேர்த்துக் கொடுப்பார்கள். மதினியிடம் போய், மிகப் பெரிய மூன்று வரிகளும் நல்ல வரிகள் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கரண்ட் வைக்கச் சொன்னது மற்ற வரிகளுக்காக. எல்.வி.எஸ்.ஐ. என்றால், கட்டியை ஒட்டியுள்ள மெல்லிய ரத்த நாளங்களிலோ நிணநீர் நாளங்களிலோ புற்றணுக்கள் புகுந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குளத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. குளம் என்பது அந்த 19 நெறிக்கட்டிகள். குளம் வறண்டிருக்கிறது என்பது உண்மை. வாய்க்கால் நனைந்திருக்கிறது என்பதும் உண்மை. எடுத்த பகுதிக்கு அப்பால், இடுப்புக்குள் எங்கேனும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் மிச்சம் இருக்கலாம் என்பதால்தான் கதிர். கத்தி எட்டிய இடத்தை மருத்துவர் சுத்தமாக எடுத்திருக்கிறார். அவர் சொன்னதில் பிழையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதினியை அந்தச் செவிலியர் விடாமல் பரிசோதித்ததே அவர்களுடைய முன்கணிப்பை மாற்றிவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமங்களுக்குப் போய், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவில், பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. முற்றிய நிலையில் துர்நாற்றத்தோடும் கால் வீக்கத்தோடும் வந்து சேர்ந்த எத்தனையோ பெண்களைத் தூக்கிப் படுக்கவைத்த கைகள் என்னுடையவை. 3.2 செ.மீ.யில், நெறிக்கட்டியைத் தொடாமல் பிடிபட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதனால்தான் எனக்குத் தெரிகிறது.


மறுமொழி: அம்பை நோயியலர்

சிஸ்டர் அவர்கள் அறிக்கையைப் படித்த வரிசையே சரியான வரிசை. நான் நோயியல் துறையில் இருப்பவன். இத்தகைய அறிக்கைகளை எழுதுவதுதான் என் அன்றாட வேலை. எனவே உங்களைக் குழப்பிய 1பி2 விஷயத்தை முதலில் தெளிவுபடுத்துகிறேன்.

இந்த நோய்க்கு நிலை வகுப்பது ஃபிகோ எனப்படும் பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு. அதன் பழைய வகைப்பாட்டில், 4 செ.மீ. வரை உள்ள கட்டி 1பி1, அதற்கு மேல் 1பி2. 2018இல் அதைத் திருத்தினார்கள். திருத்தத்தை விளக்கி வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த மருத்துவர் நீர்ஜா பாட்லா. இப்போது 2 செ.மீ. வரை 1பி1, 2க்கு மேல் 4 வரை 1பி2, 4க்கு மேல் 1பி3. ஆகவே நீங்கள் படித்த பழைய பக்கத்தின் 1பி2வும், மதினியின் அறிக்கையில் உள்ள 1பி2வும் வெவ்வேறு நோயாளிகளைக் குறிக்கின்றன. பழைய பக்கம் பேசுவது இன்றைய 1பி3ஐப் பற்றி. பெயர் ஒன்றாக இருப்பதால் படித்தவர்களே இதில் தடுக்கி விழுவதை நான் கண்டிருக்கிறேன். எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், அது 2018க்கு முந்தையதா பிந்தையதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

2 செ.மீ. என்ற கோட்டைப் புதிதாக வரைந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கட்டிகள் நெறிக்கட்டிக்குப் பரவுவதும், திரும்ப வருவதும் கணிசமாகக் குறைவு. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவுகளை வைத்துப் புதிய வகைப்பாட்டைச் சரிபார்த்தபோது, இந்த நோயால் இறக்காமல் 5 ஆண்டுகளைக் கடந்தவர்கள் 1பி1இல் 97 சதவீதம், 1பி2இல் 92 சதவீதம், 1பி3இல் 83 சதவீதம் என்று வந்தது. நாடு வேறு, மருத்துவ வசதி வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், படிகளுக்கு இடையிலுள்ள தூரம் உங்களுக்குப் புரியும்.

இனி கதிருக்கான கணக்கு. நெறிக்கட்டி, பக்கத் திசு, விளிம்பு மூன்றும் சுத்தமாக இருக்கும்போது நாங்கள் பார்ப்பது கட்டியின் அளவு, சுவருக்குள் அது இறங்கிய ஆழம், எல்.வி.எஸ்.ஐ. ஆகியவற்றை. இவற்றைத் தனித்தனியே எடைபோடாமல் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்தச் சேர்க்கை விதிகளுக்கு செட்லிஸ் அளவுகோல் என்று பெயர். கர்ப்பப்பை வாய்ச் சுவரை மூன்று சம அடுக்குகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்.வி.எஸ்.ஐ. இருந்து, ஊடுருவல் கடைசி அடுக்கை எட்டிவிட்டால், கட்டி எந்த அளவாக இருந்தாலும் கதிர் பரிந்துரைக்கப்படும். நடு அடுக்கோடு நின்றிருந்தால் 2 செ.மீ.யும் அதற்கு மேலும், முதல் அடுக்கோடு நின்றிருந்தால் 5 செ.மீ.யும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். எல்.வி.எஸ்.ஐ. இல்லாவிட்டால், நடு அடுக்கையோ கடைசி அடுக்கையோ எட்டிய கட்டி 4 செ.மீ. அளவாவது இருக்க வேண்டும். மதினிக்கு 17இல் 14 மி.மீ., அதாவது கடைசி அடுக்கு, எல்.வி.எஸ்.ஐ.யும் இருக்கிறது. உங்கள் மருத்துவர் விதிப்படி நடந்திருக்கிறார். மனம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அறுவை அரங்கில் ஆழத்தின் மில்லிமீட்டரும் எல்.வி.எஸ்.ஐ.யும் யார் கண்ணுக்கும் தெரியா. மெழுகில் புதைத்து, சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்த பிறகே தெரியும்.

அந்த விதிக்கு அடிப்படையான ஆய்வு 1999இல் வெளியானது. நெறிக்கட்டி சுத்தமாக இருந்து, மேற்சொன்ன காரணிகள் சேர்ந்திருந்த 277 பெண்களில், அறுவைக்குப் பின் எதுவும் செய்யாதவர்களில் 28 சதவீதத்தினருக்கும், கதிர் பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. கதிருக்கு விலை உண்டு. கடுமையான பக்கவிளைவுகள் கதிர் பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன. நீண்டகாலம் தொடர்ந்து பார்த்தபோது நோய் திரும்புவது குறைந்தது உறுதிப்பட்டது. மொத்த உயிர்வாழ்வில் தெரிந்த முன்னேற்றம் புள்ளியியல்படி நிறுவப்படும் அளவுக்கு இல்லை. இதை மறைக்காமல் சொல்லுகிறேன். கதிர் பெறுவதன் நோக்கம் நோய் திரும்பும் வாய்ப்பைக் கிட்டத்தட்டப் பாதியாக்குவது என்று மதினிக்குச் சொன்னால் அது முழு உண்மை.

செதிள் செல் வகை என்பது பெரும்பாலோருக்கு வருவது. சுரப்பி செல் வகையாக இருந்தால் இதே அளவுகோலைச் சற்றுக் கண்டிப்பாகப் பயன்படுத்துவோம். மேற்சொன்ன ஆய்விலேயே அந்த வகையினரில் கதிர் பெறாதவர்களுக்கு 44 சதவீதம் நோய் திரும்பியிருக்கிறது. பெற்றவர்களுக்கு 9 சதவீதம்தான். சிறு செல் நரம்பு நாளமில்லாச் சுரப்பி வகை, இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுடன் தொடர்பில்லாத இரைப்பைச் சாயல் சுரப்பி வகை ஆகிய அரிய இரண்டும் ஆரம்ப நிலையிலேயே மோசமாக நடந்துகொள்பவை. அவை உங்களுக்கு இல்லை. நடுத்தர வேறுபாடு என்பது புற்றணுக்கள் இயல்பான அணுக்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதன் தரம். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்; இந்த நோயில் அதற்குப் பெரிய எடை கிடையாது.

வயிற்றைத் திறந்து செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. சிறு துளை வழியாகச் செய்திருந்தால் தழும்பு சிறிதாக இருந்திருக்குமே என்று யாராவது சொல்லுவார்கள். 2018இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 631 பெண்களைப் பிரித்துப் பார்த்தபோது, நான்கரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழி அறுவையில் 86 சதவீதம். எதிர்பார்த்ததற்கு நேர் மாறான முடிவு அது. அறுவை செய்யும் வழியே முன்கணிப்பின் காரணிகளில் ஒன்று என்று அதன் பிறகுதான் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐயம் இருந்தால், மெழுகு பிளாக்குகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலோ அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ மறுபார்வைக்குக் கொடுக்கலாம். அதைக் கேட்பது உங்கள் உரிமை. என்னைப் போன்றவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டோம். ஆனால் அதற்காகக் கதிர் தொடங்கும் நாள் தள்ளிப்போகக் கூடாது.


முக்கூடல் தம்பி

சிஸ்டருக்கும் ஐயாவுக்கும் நன்றி. நேற்று இரவு மதினியிடம் வாய்க்கால், குளம் என்று சொன்னதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வாய்க்காலில் எத்தனை தூரம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்திருக்கிறது. இதற்கும் முன்கணிப்புக்கும் தொடர்பு உண்டா? அடுத்த மாதம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அது முடிந்த பிறகு கரண்ட் தொடங்கலாமா என்று மதினியே கேட்கிறார்கள். அப்போது அறுவை முடிந்து பத்து வாரங்கள் ஆகியிருக்கும். மேலும், கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று அண்ணன் கேட்கிறார்.


மறுமொழி: வீரவநல்லூர் அக்கா

தம்பி, கொடைக்காகத் தள்ளிப்போட வேண்டாம் என்று உன் மதினியிடம் நான் சொன்னதாகச் சொல். நான் அந்தச் சிகிச்சையை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவள்.

எனக்கு 41 வயதில் பெரும்பாடு அதிகமாக இருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார்கள், எடுத்தும்விட்டார்கள். அதற்கு முன் கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு சொட்டுத் திரவத்தைக்கூட எடுத்து யாரும் சோதிக்கவில்லை. எடுத்த கர்ப்பப்பையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறிக்கை வந்து ஒரு மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. தையல் பிரித்து அனுப்பியபோது அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாற்பது நாள் கழித்து, காப்பீட்டுக்காக என் வீட்டுக்காரர் பழைய காகிதங்களைக் கேட்டுப் போனபோதுதான் அந்தத் தாள் எங்கள் கைக்கு வந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று அதில் இருந்தது.

சாதாரண அறுவையில் பக்கத் திசுவையும் நெறிக்கட்டிகளையும் எடுக்கமாட்டார்கள். அதனால், உன் மதினியின் தாளில் இருக்கிற அந்த நல்ல மூன்று வரிகள் என் தாளில் எழுதப்படவே இல்லை. சுத்தமா இல்லையா என்று சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது. பிறகு ஸ்கேன் எடுத்தபோது இடுப்பில் ஒரு நெறிக்கட்டி பெரிதாகத் தெரிந்தது. ஊசி வைத்துப் பார்த்ததில் நோய் இருந்தது. 3சி1 என்று எழுதினார்கள். மூன்றாம் நிலை என்றதும் என் தாயார் வீட்டில் ஒப்பாரி வைக்காத குறைதான். கதிர் மருத்துவர்தான் என்னை உட்காரவைத்து விளக்கினார். முன்பெல்லாம் நெறிக்கட்டியில் இருந்தாலும் கட்டியின் அளவை வைத்து ஒன்றாம் நிலை என்றே எழுதுவார்களாம்; 2018க்குப் பிறகு நெறிக்கட்டியில் தெரிந்தாலே மூன்றாம் எண்ணுக்குப் போய்விடுமாம். எண் ஏறிவிட்டதால் மட்டும் நோய் ஏறிவிடவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அன்று இரவு சாப்பிட்டேன்.

28 நாள் வெளிக்கதிர், வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர். வயிற்றில் மையால் கோடு போட்டுவிடுவார்கள், அது அழியக்கூடாது. வைகாசி வெயிலில் வீரவநல்லூரிலிருந்து பாளைக்குப் பேருந்தில் போய் வரும்போது வியர்வையில் கோடு கரைந்துவிடுமோ என்று, முந்தானையை நான்காக மடித்து இடுப்பில் ஒற்றிக்கொண்டே போவேன். ஒவ்வொரு நாளும் படுக்கையில் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்குமாம். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கும் அசதியும் வந்தன. உடம்பு கருகும் என்று ஊரில் சொல்லுவார்கள். தோல் கொஞ்சம் கறுத்து, பிறகு தெளிந்தது. ஒரு நாளும் விடவில்லை. 2019இல் முடித்தேன். இன்றுவரை நோய் இல்லை. இடது கால் மட்டும் மாலையில் வீங்கும், உறை போட்டுக்கொள்கிறேன்.

அம்மன் கொடை அடுத்த வருடமும் வரும். மதினி அடுத்த வருடம் பொங்கல் வைக்கட்டும். பிறகு, இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், முதலில் கர்ப்பப்பை வாயைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். எடுத்த பிறகு, அறிக்கை எங்கே என்று கேட்டு வாங்காமல் அந்தப் படியிலிருந்து இறங்காதீர்கள்.


மறுமொழி: அம்பை நோயியலர்

அக்கா சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. நெறிக்கட்டியில் நோய் இருந்தாலும், கட்டி கர்ப்பப்பை வாயோடு நின்றிருந்தால், 5 ஆண்டுகளைக் கடந்தவர்கள் நான் முன்பு குறிப்பிட்ட அதே தரவுகளில் ஏறத்தாழ 75 சதவீதம். கட்டி அதைத் தாண்டி இடுப்புச் சுவர் வரை போயிருந்தால் 39 சதவீதம். இரண்டுக்கும் இன்று ஒரே பெயர், 3சி1. பெயரை மட்டும் பார்த்து அழக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தம்பியின் கேள்விகளுக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் 8.6 என்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். கதிர் புற்றணுக்களை அழிப்பதற்கு ஆக்சிஜன் துணை வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களின் திசுக்களில் ஆக்சிஜன் குறைவு. கதிர் சிகிச்சைக் காலம் முழுவதும் ஹீமோகுளோபின் குறைந்தே இருந்தவர்களுக்கு முடிவுகளும் மோசமாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 10க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது கதிர் மருத்துவர்களின் பொதுவான வழக்கம். மாத்திரை ஏறுவதற்கு நாளாகும். நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்தா, ரத்தமா என்பதை நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். காலை முதல் மாலை வரை குனிந்து சுற்றிவிட்டு, வெறும் டீயோடு மதியத்தைக் கடத்தும் பெண்களின் ரத்தம் எப்படி இருக்கும் என்பது நம் பகுதி ஆய்வகங்களில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பீடி சுற்றுவதைச் சிகிச்சை முடியும் வரை நிறுத்திவையுங்கள். வீட்டில் யாராவது புகைத்தால் அதையும் வெளியே நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்கு இந்த நோயின் போக்கும் கதிரின் பக்கவிளைவும் இரண்டுமே கெடுகின்றன.

நாள் விஷயத்தில் அக்காவின் பேச்சே என் பேச்சு. அறுவைக்குப் பின் 6 முதல் 8 வாரங்களுக்குள் கதிரைத் தொடங்குவது வழக்கம். பத்தாவது வாரம் என்பது தாமதம். தொடங்கிவிட்டால் நடுவில் விடக்கூடாது. அறுவையில்லாமல் கதிரையே முதன்மைச் சிகிச்சையாகப் பெறுகிறவர்களிடம், மொத்தச் சிகிச்சை 8 வாரங்களைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு நாளுக்கும் இடுப்பில் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மதினியின் நிலை அதிலிருந்து வேறுபட்டது என்றாலும், இடைவெளியில் அணுக்கள் பெருகுகிற இயல்பு மாறுவதில்லை. கட்டியின் அளவு, ஆழம், எல்.வி.எஸ்.ஐ. எல்லாம் எழுதி முடிந்துவிட்டவை. நம் கையில் மிச்சமிருக்கும் காரணிகள் ரத்தமும் நாளும்தான்.

கீமோவைப் பற்றி அண்ணனிடம் சொல்லுங்கள். நெறிக்கட்டி, பக்கத் திசு, விளிம்பு இவற்றில் நோய் இருந்தவர்களுக்குக் கீமோவைச் சேர்த்ததில் 4 ஆண்டு உயிர்வாழ்வு 71இலிருந்து 81 சதவீதமாக உயர்ந்தது; அது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. மதினி போன்று இடைநிலை ஆபத்தில் உள்ளவர்களுக்குச் சேர்த்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. அதில் தெளிவான கூடுதல் பலன் தென்படவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ஆகவே கதிர் மட்டும் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பது சிக்கனத்தால் அன்று.

கதிர் தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சூலகங்களை விட்டுவைத்ததாக எழுதியிருந்தீர்கள். அறுவையின்போது அவற்றைக் கதிர் படாத உயரத்துக்கு நகர்த்தித் தைத்தார்களா என்று கேளுங்கள். நகர்த்தாவிட்டால் கதிரில் அவை செயலிழந்து, 38 வயதிலேயே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். அது நோயின் முன்கணிப்பை மாற்றாது; ஆனால் எலும்பையும் தூக்கத்தையும் மனத்தையும் மாற்றும். செதிள் செல் வகையில் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை கொடுப்பதற்குத் தடை இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி: பாளையங்கோட்டை சிஸ்டர்

சிகிச்சை முடிந்த பிறகான பரிசோதனைகளும் முன்கணிப்பில் சேர்த்தி, தம்பி. திரும்புகிற நோயில் பெரும்பாலானது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஐந்தாம் ஆண்டு வரை 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும் வரச் சொல்லுவார்கள். வலி இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்று நின்றுவிடுகிறவர்கள் அதிகம். இடுப்பின் நடுவில் மட்டும் சிறிதாகத் திரும்பியதைச் சீக்கிரம் கண்டால், அப்போதும் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்ய வழி உண்டு. ரத்தக்கசிவு, ஒரு பக்கக் கால் வீக்கம், தொடையில் இறங்கும் இடுப்புவலி, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டும்.

ஒரு வருடம் ரத்தக்கசிவை மறைத்துவைத்தவர் மதினி. அவர்களைக் குறை சொல்லவில்லை. நம் பெண்கள் அப்படித்தான் வளர்க்கப்படுகிறார்கள். இனிமேல் மறைக்க வேண்டாம் என்பதை அண்ணன் வாயால் சொல்ல வேண்டும். கொழுந்தனிடம் சொல்லக் கூச்சப்படும் சங்கதிகள் இருக்கும். யோனி சுருங்காமல் இருக்கச் செய்ய வேண்டிய பயிற்சி, கணவன் மனைவி உறவு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கதிர்ப் பிரிவுச் செவிலியரிடம் பேசச் சொல்லுங்கள்.


முக்கூடல் தம்பி

இன்று பாளை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தோம். நரம்பு வழியாக இரும்புச்சத்து இரண்டு தவணை என்று முடிவாகி, முதல் தவணை ஏற்றிவிட்டார்கள். ஆறாவது வாரத்தில் கதிர் தொடங்கும். சூலகங்களைப் பற்றிக் கேட்டேன். வலது பக்கத்ததை மேலே நகர்த்தித் தைத்து, ஸ்கேனில் தெரிவதற்காக உலோகக் கிளிப் வைத்திருப்பதாக அறுவைக் குறிப்பில் இருந்தது. இடது பக்கத்ததை நகர்த்த முடியவில்லையாம். கதிருக்குத் திட்டமிடும் மருத்துவர் அந்தக் கிளிப்பைக் கணினியில் அடையாளம் வைத்துக்கொண்டார்.

அண்ணன் கொடைக் கமிட்டிக்குப் போய், இந்த வருடம் வரி கொடுத்துவிடுகிறோம், வீட்டில் பொங்கல் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அக்கா, நீங்கள் சொன்ன மைக்கோட்டு விஷயத்தை மதினியிடம் சொன்னேன். பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, மெல்லிய துண்டுகளாக மடித்து எடுத்துவைத்திருக்கிறார்கள். அறிக்கை இப்போது சொளவில் இல்லை. காப்பீட்டு அட்டையோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, போகும் பையில் வைத்தாயிற்று.